பெயிண்டர் வைத்த சூப்

குளிர்காலத்தில் சுவர் காயாது. சுவர் காயாவிட்டால் பெயிண்டருக்கு வேலை இல்லை. அடித்த பெயிண்ட் இரண்டு நாள் கழித்துத் தொட்டாலும் விரலில் ஒட்டிக்கொண்டு வரும். வீட்டுக்காரர் முகம் சுளிப்பார். சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து அடிக்க வேண்டும். அதனால் வருடத்தில் இரண்டரை மாதம் பெயிண்டர் தன் வீட்டில்தான் இருப்பார். ஏணியை மாடிப்படியின் அடியில் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டு, பிரஷ்களைக் கழுவிக் காகிதத்தில் சுற்றி வைத்துவிட்டு, ஆட்டம் கண்ட கீல்களையும் ஒழுகுகிற குழாயையும் சரிசெய்துகொண்டு, மனைவி வேலையிலிருந்து வரும் நேரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்.

கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் டச்சப். எல்லாரும் கைகால் கழுவி, சட்டை மாற்றி, ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு கிளம்பி நிற்கும்போது, இவர் கண்ணுக்கு மட்டும் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஓர் அரை அங்குலம் தெரியும். "ஒரே ஒரு டச்சப் குடுத்துட்டு ஓடி வந்துடறேன்" என்பார். அந்த ஒரே ஒரு டச்சப்புக்கு அரை மணி நேரம் ஆகும். வெளியே நிற்கிறவர்கள் திட்டுவார்கள். ஆனால் தங்கள் சொந்த வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டும் என்றால் இவரைத்தான் கூப்பிடுவார்கள்.

அவருக்கு ஐம்பத்தொரு வயது. மூன்றாவது மாடியில் இரண்டு அறையும் ஒரு சமையலறையும் உள்ள வீடு. லிஃப்ட் கிடையாது. மனைவி ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்புகளை இஸ்திரி போடுகிறவள். காலை ஆறரைக்குக் கிளம்பினால் மாலை நாலு மணிக்குத் திரும்புவாள். சமையலறை முழுக்க முழுக்க அவள் ஆட்சி. டச்சப் அங்கே டீ போட மட்டும் அனுமதிக்கப்பட்டவர். அதற்கும் பால் பொங்கி அடுப்பு நாறிப் போய்விடும்.

அந்தக் குளிர்காலத்தில்தான் மச்சான் அவர்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். சரக்கு ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். சின்ன வயதிலேயே அப்பா அம்மா இருவரும் போய்விட, தங்கையைப் படிக்க வைத்து ஆளாக்கியவர். தனக்கென்று ஒரு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "எங்கண்ணன் ரயிலக் கட்டிக்கிட்டாரு" என்று தங்கை சொல்வாள். அப்படிப்பட்டவர், தங்கை ஒரு பெயிண்டரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னபோது, ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. கல்யாணத்துக்கு வந்தார். கையெழுத்துப் போட்டார். சாப்பிட்டார். நாலு பத்து ரயிலைப் பிடித்துப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு இருபத்து நாலு வருடங்களில் வருடத்துக்கு இரண்டு முறை வந்து போவார்.

"நல்லா இருக்கீங்களா மாப்பிள்ள?"

"இருக்கேன் மச்சான்."

"சரி."

அவ்வளவுதான். மிச்ச நேரம் தங்கையோடு பேசுவார். டச்சப் அந்த நேரங்களில் ஏதாவது ஒரு கதவை எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் காலையில் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தபோது மச்சானுடைய வலது கை சொன்ன பேச்சு கேட்கவில்லை. வாய் ஒரு பக்கமாக இழுத்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். மூன்று வாரம் கழித்து, "வீட்ல வச்சுப் பாத்துக்கற ஆள் இருந்தா கூட்டிட்டுப் போலாம்" என்றார்கள். ஆள் என்றால் தங்கைதான். டச்சப்பும் அவருடைய கூட்டாளிகள் இரண்டு பேரும் அவரை நாற்காலியில் உட்கார வைத்து மூன்று மாடி தூக்கி வந்தார்கள். பீரோவைத் தூக்குவதில் பழக்கம் உள்ளவர்கள் என்பதால் ஒரு இடத்திலும் இடிபடாமல் வந்து சேர்ந்தார்.  ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் மச்சான் கண்ணை மூடிக்கொண்டார்.

கை கொஞ்சம் கொஞ்சமாகத் தேறும் என்றார்கள். பேச்சு கொழகொழவென்று இருந்தாலும் புரிந்தது. பெரிய பிரச்சினை தொண்டைதான். விழுங்குவதற்குப் பயிற்சி கொடுக்கிற தெரபிஸ்ட் பெண் ஒருத்தி புதன்கிழமைதோறும் வீட்டுக்கு வருவாள். முதல் நாளே அவள் எல்லாவற்றையும் விளக்கினாள்.

"தண்ணி மாதிரி இருந்தா வழி மாறி நுரையீரலுக்குள்ள போயிடும். கட்டியா இருந்தா தொண்டையில நின்னுடும். ரெண்டுக்கும் நடுவுல இருக்கணும்." தான் கொண்டுவந்த டப்பாவிலிருந்து ஒரு வெள்ளைப் பவுடரை எடுத்துத் தண்ணீரில் கலக்கினாள். ஒரு நிமிடத்தில் அது கெட்டியானது. ஒரு கரண்டி எடுத்துச் சாய்த்துக் காட்டினாள். "இங்க பாருங்க. சொட்டு சொட்டா வடியக்கூடாது. ஒட்டிக்கிட்டும் நிக்கக்கூடாது. மொத்தமா வழுக்கி விழணும். இதுதான் அளவு."

டச்சப் அந்தக் கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருடமாகப் பெயிண்ட் டப்பாவில் குச்சியை விட்டுத் தூக்கிப் பார்க்கிற வேலை இது. ஆனால் படித்த பெண்ணிடம் அதைப் போய் எப்படிச் சொல்வது என்று சும்மா இருந்துவிட்டார்.

பவுடர் பிரச்சினையாகிவிட்டது. தங்கை வாழைப்பழத்தை மசித்துக் கொடுத்தாள், கஞ்சி வைத்துக் கொடுத்தாள், ஓட்ஸ் காய்ச்சிக் கொடுத்தாள். எல்லாவற்றிலும் பவுடரைப் போட்டதும் எல்லாம் ஒரே ருசியாகிவிட்டது.

"பசை" என்றார் மச்சான். "போஸ்டர் ஒட்டற பசை."

"மருந்துன்னு நெனச்சுச் சாப்பிடுங்கண்ணா."

இரண்டு நாள் சாப்பிட்டார். மூன்றாவது நாள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார். ஓடுகிற ரயிலை ஒரு கொடி அசைத்து நிறுத்தியவர் அவர். தன் வாயை மூடி வைப்பது அவருக்கு ஒரு பெரிய காரியமா? தங்கை கெஞ்சினாள், கோபித்தாள், தட்டை வைத்துவிட்டு எழுந்து போனாள். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நாளைக்கு நாலு கரண்டி, ஐந்து கரண்டி. அதற்கு மேல் இறங்கவில்லை.

முதல் வாரம் முடிந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனபோது எடை ஐம்பத்திரண்டு கிலோ காட்டியது. படுக்கையில் விழுவதற்கு முன்னால் அறுபத்தொன்று இருந்தவர். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

"இன்னும் பத்து நாள் பாக்கலாம். அம்பத்தொண்ணுக்குக் கீழ போச்சுன்னா, வயித்துல சின்னதா ஒரு துளை போட்டுக் குழாய் வைக்கிறதத் தவிர வேற வழியில்ல."

"குழாய் வேணாம்" என்றார் மச்சான்.

"அப்ப சாப்பிடுங்க சார். எனக்கும் குழாய் வைக்க ஆசையில்ல."

அன்று சாயங்காலம் டச்சப்பின் மனைவி பாத்திரம் கழுவுகிற தொட்டிக்கு முன்னால் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள். பாத்திரம் ஒன்றும் இல்லை. சும்மா தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. டச்சப் போய்க் குழாயை மூடினார்.

"எனக்கு லீவும் தர மாட்டாங்க" என்றாள் அவள், திரும்பாமலே. "பகல்ல யாரு பக்கத்துல இருந்து ஒவ்வொரு கரண்டியா ஊட்டறது?"

"நான் சும்மாதானே இருக்கேன். நான் பாத்துக்கறேன்."

இப்போது அவள் திரும்பினாள். அழுத முகத்தோடேயே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீங்களா? நீங்க வெந்நீர் வச்சாக்கூட அடி பிடிக்குமே."

"பவுடர்தானே அவருக்குப் பிடிக்கல? பவுடர் இல்லாமயே அந்தக் கெட்டி வரும். உருளைக்கிழங்கும் பூசணியும் பருப்பும் போட்டு நல்லா மசிச்சா தானா வராதா? குளிருக்குச் சூடா, கொஞ்சம் இஞ்சி, கொஞ்சம் மிளகு. வாசனையா இருந்தா வாயத் தொறப்பாரு."

அவள் பதில் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. டச்சப் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். அதுதான் அவர் செய்த தப்பு.

மறுநாள் அவள் வேலைக்குப் போனதும் கடைக்குப் போய்க் காய்கறி வாங்கி வந்தார். கேரட், பூசணிக்கீற்று, உருளைக்கிழங்கு, வெங்காயம், ஒரு கை சிவப்புப் பருப்பு. எல்லாவற்றையும் நறுக்கிப் போட்டு வேகவைத்து, இஞ்சியும் பூண்டும் தட்டிப் போட்டு, மிக்சியில் அடித்தார். கரண்டியைச் சாய்த்துப் பார்த்தார். மொத்தமாக வழுக்கி விழுந்தது. அவருக்கே தன்மேல் ஒரு மரியாதை வந்தது. மூடி வைத்துவிட்டுப் போய் மச்சானுக்கு முகம் கழுவி, சட்டை மாற்றி, தலையணைகளை அடுக்கி நிமிர்த்தி உட்கார வைத்தார். அதற்கே முக்கால் மணி நேரம் ஆனது. பிறகு சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றி எடுத்து வந்தார்.

மச்சான் கிண்ணத்தைப் பார்த்தார். டச்சப்பைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, வாயைத் திறந்தார்.

முதல் கரண்டியிலேயே புரையேறியது. இருமல் என்றால் சாதாரண இருமல் இல்லை. முகம் செங்கல் நிறமாகிவிட்டது. கண் இரண்டும் பிதுங்கித் தண்ணீர் கொட்டியது.  டச்சப் ஒரு கையால் மச்சானின் முதுகைத் தாங்கிக்கொண்டு மறு கையால் தெரபிஸ்டுக்குப் போன் போட்டார். "முன்னால சாய்ச்சு உட்கார வைங்க. இரும விடுங்க, தடுக்காதீங்க. வாயில எதுவும் ஊத்தாதீங்க" என்றாள் அவள். இரண்டு நிமிடம்தான் இருக்கும். இருமல் மெல்ல அடங்கி, மச்சான் ஒரு நீளமான மூச்சு விட்டார்.  தெரபிஸ்ட் போனிலேயே காத்திருந்து, மூச்சு எப்படி இருக்கிறது, உதடு என்ன நிறத்தில் இருக்கிறது, பேச முடிகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். காய்ச்சல் வருகிறதா என்று இரண்டு நாள் பார்க்கச் சொல்லிவிட்டு வைத்தாள்.

மச்சான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

டச்சப் சமையலறையில் தரையில் உட்கார்ந்தார். அறுபதடி உயரத்தில் கயிற்றில் தொங்கிய காலத்தில்கூட அவர் இப்படிப் பயந்ததில்லை. அளவு பார்த்துத்தானே கொடுத்தோம், எங்கே தப்பு நடந்தது என்று அவருக்குப் புரியவே இல்லை. வெகுநேரம் கழித்து எழுந்து பாத்திரத்தின் மூடியைத் திறந்தார். சூப்பின் மேலே விரல் கனத்துக்குத் தெளிந்த தண்ணீர் நின்றது. கெட்டியெல்லாம் கீழே இறங்கிவிட்டது. ஓரத்தில் இஞ்சி நார் ஒன்று நூல் மாதிரி மிதந்தது.

அவருக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. முக்கால் மணி நேரம் வைத்தால் பெயிண்டும் இப்படித்தான் பிரியும். கலக்காமல் பிரஷ்ஷைத் தோய்க்கிறவன் பெயிண்டரே இல்லை என்று எத்தனை பேரைத் திட்டியிருப்பார். வடிகட்டாத பெயிண்டைச் சுவரில் வைக்கவே மாட்டார். சுவருக்குப் பார்த்ததை மனுஷனுக்குப் பார்க்கவில்லையே என்று தன்னையே நொந்துகொண்டார்.

மனைவி வந்ததும் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். அவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓடிப்போய் அண்ணனின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். திரும்பி வந்து, அடிக்குரலில், "நீங்க சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது" என்றாள்.

"சொல்லாம எப்படி?"

அவள் கோட்டைக் கழற்றி மாட்டினாள். கோபம் கொஞ்சம் இறங்கியது. "புதன்கிழமை அந்தப் பொண்ணு வருதில்ல? அது பாத்து, சரின்னு சொல்லட்டும். அதுவரைக்கும் நீங்க வச்சதுல ஒரு கரண்டி எங்கண்ணன் வாய்க்குப் போகக்கூடாது."

"சரி."

"நெசமாத்தான் சொல்றேன்."

"நானும் நெசமாத்தான் சரின்னு சொல்றேன்."

அடுத்த இரண்டு நாளும் சமையலறையிலேயே கிடந்தார். வெண்ணெயில் வெங்காயத்தை அவசரப்படாமல் வதக்கினால் ஒரு இனிப்பு வருகிறது என்று கண்டுபிடித்தார். சீரகத்தையும் மிளகையும் வறுத்துப் பொடித்து முதலிலேயே வெண்ணெயில் போட்டால் வாசனை சூப் முழுக்க ஏறுகிறது. பட்டையை முழுசாகப் போட்டு, வெந்ததும் மறக்காமல் எடுத்துவிட வேண்டும். உருளைக்கிழங்கு கூடினால் பசை ஆகிறது. பருப்பு கூடினால் தண்ணீர் பிரிவதில்லை. அடித்ததை வடிகட்டி, திரும்பவும் சின்னத் தீயில் ஏற்றி, கரண்டி நிற்காமல் பத்து நிமிடம் கிளறினால் பட்டு மாதிரி வந்தது. அதைக் கிண்ணத்தில் ஊற்றி ஒரு மணி நேரம் வைத்துப் பார்த்தார். மேலே தண்ணீர் நிற்கவில்லை.

அவர் வடிகட்டுகிற வலைத்துணியை மனைவி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். "இது பெயிண்ட் வடிகட்டற துணிதானே?"

"அதே மாதிரி. ஆனா புதுசு. மூணு தடவ கொதிக்கற தண்ணியில போட்டு எடுத்தேன்."

அவள் முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

தேறாத பானைகளை எல்லாம் அவர்கள் இருவரும்தான் குடித்துத் தீர்க்க வேண்டியிருந்தது. காலையில் சூப், சாயங்காலம் சூப். "கல்யாணமான நாள்லேந்து நான் சமைச்சதுக்கெல்லாம் சேத்து வச்சுப் பழி வாங்கறீங்க" என்றாள் மனைவி. ஆனால் இரண்டாம் நாள் அவள் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டதை டச்சப் கவனித்தார்.

மச்சானும் ஏதோ கவனித்திருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை மத்தியானம், பூண்டும் சீரகமும் வெண்ணெயில் பொரியும்போது, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தவர் இந்தப் பக்கம் திரும்பினார்.

"என்ன வாசன அது?"

"ஒண்ணுமில்ல மச்சான். சும்மா பழகறேன்."

"ம்" என்றார். திரும்பப் போய்ச் சுவரைப் பார்க்கவில்லை.

புதன்கிழமை பதினோரு மணிக்குத் தெரபிஸ்ட் வந்தாள். மனைவி எப்படியோ கெஞ்சி அரைநாள் விடுப்பு வாங்கிக்கொண்டு வீட்டிலேயே இருந்தாள். டச்சப் பாத்திரத்தைக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்து, அடியிலிருந்து மேலே வரை நன்றாகக் கலக்கி, எட்டி நின்றுகொண்டார். தெரபிஸ்ட் கரண்டியில் எடுத்துச் சாய்த்தாள். வழுக்கி விழுந்தது. முள்கரண்டியில் எடுத்துத் தூக்கிப் பிடித்தாள். பல்லிடுக்கு வழியாக ஒழுகவில்லை. விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்தாள். கட்டி இல்லை, நார் இல்லை. பத்து நிமிடம் ஆறட்டும் என்று வைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். அப்படியே இருந்தது.

"பவுடர் எவ்வளவு போட்டீங்க?"

"பவுடர் போடல."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "இதுக்கு முன்னாடி எந்த ஆஸ்பத்திரி கிச்சன்ல வேல பாத்தீங்க?"

"நான் பெயிண்டருங்க."

அந்தப் பெண் அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். பிறகு ஒரு வாய் ருசி பார்த்தாள். "காரம் இதுக்கு மேல வேணாம். இது சரியா இருக்கு."

மச்சானை நிமிர்த்தி உட்கார வைத்தார்கள். தாடையைக் கொஞ்சம் கீழே இறக்கச் சொன்னாள் தெரபிஸ்ட். ஸ்டெதாஸ்கோப்பை அவர் கழுத்தில் வைத்துக்கொண்டு, "குடுங்க, அரைக் கரண்டி" என்றாள். கொடுக்க வேண்டியது யார் என்று ஒரு கணம் யாருக்கும் தெரியவில்லை. மனைவி கையை நீட்டினாள். மச்சான் மெதுவாகத் தலையை ஆட்டி, இடது கையால் டச்சப்பைக் காட்டினார்.

டச்சப் முன்னால் வந்தார். கரண்டியை எடுத்தார். சுவர் மூலையில் கோடு போடும்போது எப்படி மூச்சைப் பிடிப்பாரோ அப்படிப் பிடித்துக்கொண்டு மச்சான் வாயில் வைத்தார். குரல்வளை மேலே ஏறியது. நின்றது. இறங்கியது. எல்லாரும் இருமலுக்காகக் காத்திருந்தார்கள். அறையில் ஜன்னல் கண்ணாடி காற்றில் அதிர்கிற சத்தம் மட்டும் கேட்டது.

இருமல் வரவில்லை.

மச்சான் நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "பதினொன்னு இருபத்தாறு" என்றார்.

தெரபிஸ்டுக்குப் புரியவில்லை. தங்கை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "வண்டி கெளம்பின நேரம். கார்டு இல்லையா, குறிச்சு வச்சுக்கறாரு" என்றாள்.

அன்றைக்கு இருபது கரண்டி இறங்கியது.

அதற்குப் பிறகு வேளைக்கு நாற்பது நிமிடம் இரண்டு பேரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருப்பது வழக்கமாகிவிட்டது. விழுங்கும்போது பேசக்கூடாது என்பது தெரபிஸ்ட் போட்ட சட்டம். ஒரு கரண்டிக்கும் அடுத்த கரண்டிக்கும் நடுவே மட்டும்தான் பேசலாம். மச்சான் அந்த இடைவெளிகளை வீணாக்கவில்லை. இருபத்து நாலு வருடத்தில் பேசாததை அரைக்கரண்டி அரைக்கரண்டியாகப் பேசினார். மூடுபனியில் ஆறு மணி நேரம் நடுக்காட்டில் நின்ற ரயிலைப் பற்றி. கடைசிப் பெட்டியில் தனியாக உட்கார்ந்து பழகிவிட்டால் பிறகு வீட்டில் நாலு பேர் பேசினாலே தலை வலிக்கும் என்பதைப் பற்றி. டச்சப்பும் பேசினார். பச்சை நிறம்தான் வேண்டும் என்று அடம்பிடித்து, அடித்து முடித்ததும், "இந்தப் பச்ச இல்ல, எங்க கல்யாணத்தப்ப இருந்த பச்ச" என்று சொன்ன ஒரு கிழவரைப் பற்றிச் சொன்னபோது, மச்சான் சிரிக்கப் போய், அதைத் தெரபிஸ்டுக்குப் பயந்து அடக்கிக்கொண்டார்.

ஐந்தாவது நாளோ ஆறாவது நாளோ, கேரட்டைக் கொஞ்சம் கூட்டிப் போட்ட சூப் ஒன்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, மச்சான் கரண்டியைக் கையால் தடுத்தார்.

"உங்க கல்யாணத்துக்கு முந்தி, ஒருநாள் உங்களப் பாக்க வந்தேன் மாப்பிள்ள. உங்களுக்குத் தெரியாது."

"எங்க?"

"அந்தப் பெரிய அரிசிக் கிடங்குக்கு வெளிப்பக்கம் பெயிண்ட் அடிச்சிட்டிருந்தீங்க. அஞ்சு மாடி ஒசரம். ஒத்தக் கயித்துல தொங்கிட்டு, ஒரு கையில பிரஷ்ஷு. பாட்டு வேற பாடிட்டு இருந்தீங்க." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "கீழ நின்னு பாத்தேன். பேசாம திரும்பிப் போயிட்டேன்."

டச்சப் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

"அவளத் தூக்கி வளத்தவன் நான். அந்தக் கயிறு அறுந்துட்டா அவ என்ன ஆவான்னு அன்னைக்கு ராத்திரியெல்லாம் தூக்கம் இல்ல. உங்களப் பிடிக்காம இல்ல மாப்பிள்ள. அந்தக் கயித்தத்தான் பிடிக்கல."

 பெயிண்டர் என்கிற கேவலம்தான் காரணம் என்று டச்சப் இத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருந்தார். அந்த நினைப்போடுதான் மச்சான் வரும்போதெல்லாம் நகத்தைச் சுரண்டிச் சுரண்டிக் கழுவியிருக்கிறார். நல்ல சட்டை போட்டிருக்கிறார். இருக்கிற கதவுக்கெல்லாம் எண்ணெய் போட்டிருக்கிறார்.

"மச்சான், நான் கயித்த விட்டுப் பதினேழு வருஷமாச்சு. இப்பல்லாம் ரூமுக்குள்ள அடிக்கற வேல மட்டும்தான்."

மச்சான் அவரை வெறித்துப் பார்த்தார். "யாரும் எங்கிட்டச் சொல்லலியே."

"நீங்க கேக்கலியே."

"நான் கேக்கலைன்னா நீங்களா சொல்லக் கூடாதா?"

"எப்பச் சொல்றது? நல்லா இருக்கீங்களாம்பீங்க. இருக்கேன்பேன். சரின்னுடுவீங்க."

மச்சானுடைய தோள் குலுங்கியது. டச்சப் பயந்துபோய்க் கிண்ணத்தை வைத்துவிட்டு அவர் முதுகைப் பிடிக்கப் போனார். அது இருமல் இல்லை, சிரிப்பு. சத்தம் வராத, வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்ட சிரிப்பு. அது தொற்றிக்கொண்டது. சலவை வேலை முடித்துக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்த தங்கை, இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்துப் பதறிப்போய், "என்னாச்சு? யாருக்கு என்ன ஆச்சு?" என்றாள். மச்சான் இடது கையால் டச்சப்பைக் காட்டினார். டச்சப் மச்சானைக் காட்டினார்.

பத்தாவது நாள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வாடகைக் காரில் மூன்று பேரும் பின்சீட்டில் நெருக்கி உட்கார்ந்தார்கள்.  மனைவி ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் கைப்பையின் வாரை முறுக்குவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள்.

நர்ஸ் மச்சானை எடை பார்க்கிற நாற்காலியில் உட்கார வைத்தாள். கோட்டைக் கழற்றச் சொன்னாள். மஃப்ளரைக் கழற்றச் சொன்னாள். செருப்பையும் கழற்றச் சொன்னாள். ஒவ்வொன்றாகக் கழற்றும்போதும் டச்சப்புக்கு உள்ளே ஏதோ இறங்கிக்கொண்டே போனது. அந்தச் செருப்பு மட்டும் கால் கிலோ இருக்குமே என்று நினைத்தார். எண்கள் ஓடின. ஐம்பத்திரண்டில் கொஞ்சம் தயங்கின. பிறகு ஐம்பத்து மூன்று புள்ளி ஒன்றில் நின்றன.

"ஒரு தடவ திருப்பிப் பாருங்க" என்றாள் மனைவி. 

நர்ஸ் திருப்பிப் பார்த்தாள். ஐம்பத்து மூன்று புள்ளி ஒன்று.

டாக்டர் நுரையீரலைக் கேட்டார், முதுகில் தட்டிப் பார்த்தார், தெரபிஸ்ட் எழுதிக் கொடுத்த குறிப்பைப் படித்தார். "சுத்தமா இருக்கு. குழாய் தேவையில்ல. இப்படியே போகட்டும். ஒரு மாசம் கழிச்சு மசிச்ச சாப்பாடு தொடங்கலாமான்னு பாப்போம்." பேப்பரைத் திருப்பி இன்னொரு முறை பார்த்தார். "இதுல சூப்புன்னு எழுதியிருக்கே, என்ன சூப்பு அது?"

"காய்கறி சூப்பு டாக்டர்" என்றார் டச்சப். 

வெளியே வராந்தாவில் மனைவி முதலில் கிடைத்த நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றினாள். காலை நீட்டிக்கொண்டாள். "ஏங்க, ரெண்டு நிமிஷம் இருந்துட்டுப் போலாம்" என்றாள். டச்சப்பும் பக்கத்தில் உட்கார்ந்தார். சக்கர நாற்காலியில் இருந்த மச்சான், போகிற வருகிற ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.  பத்து நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஒரு மூட்டையை யாரோ வந்து இறக்கி வைத்துவிட்டுப் போனது போல இருந்தது டச்சப்புக்கு. அவர் நன்றாக மூச்சை இழுத்து விட்டார். இழுத்தபோதுதான், இத்தனை நாளும் அரை மூச்சில் நடமாடியிருக்கிறோம் என்பதே அவருக்குத் தெரிந்தது.

கூட்டாளிகளை வரச்சொல்லி மச்சானை மேலே தூக்கிக்கொண்டு வீடு சேர்ந்தபோது மணி மூன்று. மூன்று பேருமே காலையிலிருந்து சரியாகச் சாப்பிட்டிருக்கவில்லை. மனைவி பீரோவுக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலியில் கோட்டோடு உட்கார்ந்து, "எழுந்து சமைக்கத் தெம்பில்ல" என்றாள்.

"உன்ன யாரு சமைக்கச் சொன்னா?" என்று டச்சப் அடுப்பைப் பற்றவைத்தார். காலையில் வைத்த சூப் இருந்தது. நன்றாகக் கலக்கிச் சூடாக்கினார். மச்சானுக்கு அப்படியே ஒரு கிண்ணம். தங்களுக்குக் கொஞ்சம் வெந்நீர் விட்டு இளக்கி, மேலே மிளகுத்தூளைத் தாராளமாகத் தூவி, ரொட்டியைச் சுட்டுப் பக்கத்தில் வைத்தார். ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. கிண்ணத்திலிருந்து எழுந்த ஆவியில் கண்ணாடி மங்கலாயிற்று.

மச்சானுக்கு இடது கையில் கரண்டி பிடிக்கப் பழக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் தானே எடுத்து, தாடையை இறக்கி, விழுங்கி, ஒரு நிமிடம் காத்திருந்து, அடுத்ததை எடுத்தார். டச்சப் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே ரொட்டியைத் தோய்த்தார்.

"மாப்பிள்ள" என்றார் மச்சான் மெல்ல.

"சொல்லுங்க."

மச்சான் கண்ணால் காட்டினார். மனைவி நாற்காலியிலேயே தூங்கிப்போயிருந்தாள். தலை பீரோவின் மேல் சாய்ந்திருந்தது. பாதி காலியான கிண்ணம் மடியில் இருந்தது. கரண்டி இன்னும் கையில் இருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. இஸ்திரிச் சூட்டில் சிவந்துபோன அந்தக் கைகள் இத்தனை வாரத்தில் முதல்முறையாகத் தளர்ந்து கிடந்தன.

டச்சப் எழுந்து, காலடிச் சத்தம்கூடக் கேட்காத மாதிரி நடந்து போய், விரல் விரலாகப் பிரித்துக் கரண்டியை எடுத்தார். கிண்ணத்தை எடுத்தார். மச்சானுடைய போர்வைகளில் ஒன்றை மச்சானே இடது கையால் இழுத்து நீட்டினார். அதை அவள் மேல் போர்த்திவிட்டு, டச்சப் வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார்.

"ராத்திரிக்கும் இதேதானா?" என்று மச்சான் கிசுகிசுப்பாகக் கேட்டார்.

"வேற என்ன வேணும்?"

மச்சான் இன்னொரு கரண்டியை எடுத்து விழுங்கினார். "நாளைக்குப் பூசணி கொறச்சுப் போட்டுப் பாருங்க. இனிக்குது."

"சரி மச்சான்" என்றார் டச்சப், அதைவிட மெதுவான குரலில்.